கீழ்வீட்டுச் சத்தமும் மிரட்டலும்: சட்டப்படி எங்கிருந்து தொடங்குவது?

திருச்சி_வாசகி

வணக்கம். திருச்சியில் ஓர் அடுக்குமாடியில் இரண்டாவது மாடியில் சொந்த வீட்டில் இருக்கிறோம். எங்களுக்கு நேர் கீழே ஒரு குடும்பம் வாடகைக்கு வந்ததிலிருந்து ராத்திரி நிம்மதி போய்விட்டது. பத்தரை, பதினொன்றுக்கு மேல்தான் அந்த வீட்டுக்காரர் ஹோம் தியேட்டரைப் போடுவார். பாட்டு என்னவென்றுகூடக் காதில் விழாது. தொம் தொம் என்ற அதிர்வு மட்டும் தரை வழியாகக் கட்டில் வரை வருகிறது. மாமியார் பைபாஸ் செய்துகொண்டவர். மகள் பிளஸ் டூ.

முதலில் என் கணவர் போய்த் தன்மையாகத்தான் சொன்னார். "என் வீட்டுக்குள்ள நான் என்ன வேணா செய்வேன்" என்று கதவைச் சாத்திவிட்டார். அதற்கப்புறம் சத்தம் கூடியது. இப்போது வேறு தினுசாகவும் போகிறது. எங்கள் ஸ்கூட்டரை எடுக்க முடியாதபடி பைக்கைக் குறுக்கே நிறுத்துகிறார். படியில் என்னையோ மகளையோ பார்த்தால் காது கூசுகிற வார்த்தைகள். போன வாரம் கணவரிடம் "வெளியே போனா வீடு வந்து சேர மாட்டே" என்று சொல்லியிருக்கிறார்.

ஸ்டேஷனுக்குப் போனோம். "அபார்ட்மெண்ட்ல இதெல்லாம் சகஜம், பேசி முடிச்சுக்குங்க" என்று அனுப்பிவிட்டார்கள். உறவுக்காரர்கள் வீட்டை விற்றுவிட்டுப் போகச் சொல்கிறார்கள். கடன் போட்டு வாங்கிய வீடு, ஏன் போக வேண்டும்? சட்டப்படி என்ன வழி என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற_எஸ்ஐ

அம்மா, ஸ்டேஷனில் நீங்கள் வாயால் சொன்னீர்களா, எழுதிக் கொடுத்தீர்களா? பெரும்பாலும் விஷயம் இங்கேதான் நின்றுவிடுகிறது. வாயால் சொன்னதற்கு ஸ்டேஷனில் பெரும்பாலும் எந்தப் பதிவும் இருக்காது. எழுத்தில் மனு கொடுத்தால் சி.எஸ்.ஆர். (ஸ்டேஷனில் மனுவைப் பதிகிற பதிவேடு) போட்டு ரசீது தர வேண்டும். அந்த எண்தான் உங்கள் கையில் இருக்கும் முதல் ஆதாரம். பின்னால் கமிஷனரிடம் போனாலும் கோர்ட்டுக்குப் போனாலும் முதலில் கேட்பது அதைத்தான்.

இன்னொன்று. நீங்கள் எழுதியதில் இரண்டு பிரச்சினைகள் கலந்து கிடக்கின்றன: ஒன்று சத்தம், இன்னொன்று மிரட்டலும் ஆபாசப் பேச்சும். ஒரே மனுவில் "சத்தம் தாங்க முடியவில்லை, பைக்கைக் குறுக்கே நிறுத்துகிறார், திட்டுகிறார், கொன்றுவிடுவேன் என்கிறார்" என்று எழுதினால், படிக்கிற அதிகாரி கண்ணில் முதல் வரிதான் படும். பக்கத்து வீட்டுச் சண்டை என்று ஓரமாக வைத்துவிடுவார். உயிர் மிரட்டல் தனிக் குற்றம். அதற்குத் தனி மனு எழுதுங்கள். தேதி, நேரம், இடம், அவர் சொன்ன வார்த்தை அப்படியே, பக்கத்தில் யார் இருந்தார்கள், இவை போதும். அழுகை, ஆதங்கம் எதுவும் வேண்டாம்.

ராத்திரி சத்தம் போடும்போது அந்த நேரத்திலேயே 100 அல்லது 112-க்குக் கூப்பிடுங்கள். ரோந்து வண்டி வரும், குறைக்கச் சொல்லிவிட்டுப் போகும். போனதும் மறுபடி போடுவார், உண்மைதான். ஆனால் அழைப்பு பதிவாகிவிடும். அப்படிப் பல இரவுகளின் பதிவு சேர்ந்தால் "சகஜம்" என்று யாரும் சொல்ல முடியாது.

இரண்டு_பிள்ளைகளின்_அம்மா

சகோதரியின் கஷ்டம் புரிகிறது. ஆனாலும் மறுபக்கத்திலிருந்து ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பையனுக்கு ஆட்டிசம். பகலில் ஓடுவான், குதிப்பான், சில நேரம் கத்துவான். கீழ்வீட்டுக்காரர் எங்கள் மேல் போலீஸ் வரை போனார். வீட்டில் ரப்பர் பாய் போட்டிருக்கிறோம், ராத்திரி ஒன்பதுக்கு அவன் தூங்கிவிடுவான். அதற்கு மேல் நாங்கள் என்ன செய்ய முடியும்? சத்தம் என்றாலே சட்டம் என்று கிளம்புகிறவர்கள் எது தவிர்க்க முடியாத சத்தம், எது வேண்டுமென்றே செய்வது என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

தஞ்சை_வழக்குரைஞர்

மேலே அந்த அம்மா சொன்னதைச் சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது, அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன். தனிநபர் தொல்லை என்று சிவில் கோர்ட்டுக்குப் போனால் நீதிபதி பார்ப்பது இதைத்தான்: சாதாரண மனிதர் ஒருவர் அந்த வீட்டில் இயல்பாக வாழ முடியாத அளவுக்கு இடைஞ்சல் இருக்கிறதா? குழந்தை ஓடும் சத்தம், காலை மிக்ஸி, எப்போதோ ஒரு நாள் விசேஷம், இவற்றை வைத்துக்கொண்டு வழக்கு நிற்காது. தொடர்ந்து, ராத்திரியில், சொல்லியும் கேளாமல் நடக்கிற ஒன்றுக்கு நிற்கும். திருச்சி சகோதரியின் விஷயம் இரண்டாவது வகை.

சத்தத்துக்கென்றே தனி விதிகள் இருக்கின்றன: சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள், 2000. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் வரம்பு. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. தனியாருக்குச் சொந்தமான ஒலிக்கருவி என்றால், அந்த இடத்தின் எல்லையில் வரம்பைவிட 5 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது. அதாவது ராத்திரியில் 50. எட்டாவது விதி இன்னும் முக்கியம். சத்தம் பொதுமக்களுக்கோ அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கோ தொந்தரவாக இருக்கிறது என்று திருப்தி அடைந்தால், அதை நிறுத்தவோ கட்டுப்படுத்தவோ எழுத்தில் உத்தரவு போடும் அதிகாரம் 'அதிகாரி'க்கு உண்டு. மாவட்ட ஆட்சியர், போலீஸ் கமிஷனர் அல்லது டி.எஸ்.பி. தகுதிக்குக் குறையாமல் நியமிக்கப்பட்டவர்தான் இந்த அதிகாரி. ஸ்டேஷன் இன்ஸ்பெக்டரிடம் இந்த அதிகாரம் இல்லை, அவருடைய அறிக்கையை வைத்து மேலே உள்ளவர் உத்தரவு போடலாம். எனவே உங்கள் சத்த மனு ஸ்டேஷனோடு நிற்காமல் திருச்சி மாநகரக் காவல் ஆணையருக்கு, 7, 8 விதிகளின் கீழ் என்று குறிப்பிட்டுப் போக வேண்டும்.

நம் ஊரிலிருந்தே இதற்குப் பெரிய முன்னுதாரணம் உண்டு. சென்னை மாதவரம் நெடுஞ்சாலைப் பகுதியில் கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனி குடியிருப்போர் நலச் சங்கம், பக்கத்துக் கிறிஸ்தவச் சபையின் ஒலிபெருக்கி, டிரம் சத்தத்துக்கு எதிராகப் போன வழக்கு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், போலீஸ், உயர் நீதிமன்றம் என்று போய் 2000-த்தில் உச்ச நீதிமன்றம் குடியிருப்போர் பக்கம் நின்றது. அடுத்தவர் அமைதியைக் கெடுத்துத்தான் வழிபட வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்றது அந்தத் தீர்ப்பு. பிறகு 2005 ஜூலையில் ஒலி மாசு வழக்கில், சத்தமில்லாமல் வாழ்வது அரசமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று சொன்னது. வழிபாட்டுக்கே இதுதான் நிலை என்றால், ஹோம் தியேட்டருக்கு "என் வீடு, என் இஷ்டம்" என்பது பதிலாகாது.

ஒலிப்பொறியாளர்

டெசிபல் பற்றி ஒரு எச்சரிக்கை. விதியில் இருக்கும் அளவு வெறும் டெசிபல் அல்ல, மனிதக் காதின் உணர்வுக்கு ஏற்பத் திருத்திய 'ஏ' அளவை. அந்தத் திருத்தம் தாழ்ந்த அதிர்வெண்களை அதிகமாகக் கழித்துவிடும். 63 ஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட 26 டெசிபல் கழியும். தாழ்ந்த ஒலிக்கென்றே இருக்கும் ஸ்பீக்கரான சப்வூஃபரின் வேலையே அந்தப் பகுதியில்தான். அதனால் உங்கள் கட்டில் அதிர்ந்துகொண்டிருக்கும்போதே மீட்டர் 42, 43 காட்டலாம். எதிர்த்தரப்பு "பாருங்கள், வரம்புக்குள்தான்" என்று சொல்லிவிடும்.

மொபைல் செயலியில் எடுத்த எண்ணை நம்பி மனுவில் எழுதாதீர்கள். அது அளவுத்திருத்தம் செய்த கருவி இல்லை, மொபைல் மைக் தாழ்ந்த ஒலியை ஒழுங்காக வாங்காது. மேசையில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து அதிர்வு தெரிகிற மாதிரி வீடியோ, ஜன்னல் சாத்திய படுக்கையறையில் கடிகாரம் தெரிய ஒரு வீடியோ, இவை எண்ணைவிட நன்றாகப் பேசும்.

சப்வூஃபர் தரையில் நேராக உட்கார்ந்திருந்தால் அதிர்வு கான்கிரீட்டுக்குள் இறங்கி, தூண், சுவர் வழியாக மேலே ஏறும். அடியில் தடித்த ரப்பர் பட்டை வைத்து, சுவரைவிட்டுத் தள்ளி வைத்தாலே நிறையக் குறைய வாய்ப்பிருக்கிறது. சமரசப் பேச்சு என்று ஒன்று நடந்தால் இதை நிபந்தனையாகக் கேளுங்கள்.

தஞ்சை_வழக்குரைஞர்

பொறியாளர் சொன்னது வழக்குக்கு நேராகப் பயன்படும். அதனால்தான் எண்ணை மட்டும் நம்பி மனுப் போடக் கூடாது என்கிறேன். 10 மணிக்கு மேல் ஒலிக்கருவிகளைப் பயன்படுத்தக் கூடாது என்ற தடை விதியில் தனியாகவே இருக்கிறது. ஏழாவது விதிப்படி, இரவுக் கட்டுப்பாட்டை மீறினாலே புகார் கொடுக்கலாம். மூடிய இடத்துக்குள் நடப்பதற்கு ஒரு விலக்கு உண்டு, ஆனால் அது அரங்கம், கல்யாண மண்டபம் போன்றவற்றில் உள்ளேயே கேட்கும்படி நடப்பதற்கு. எதிர்த்தரப்பு வக்கீல் அதைக் காட்டி வாதாடலாம். சத்தம் உள்ளே அடங்கவில்லை, மேல்வீட்டுக்கு வருகிறது என்பதுதான் நம் பதில்.

இப்போது மிரட்டல். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. பழைய 506 இப்போது 351. கொலை மிரட்டல் என்றால் 351(3), ஏழு ஆண்டு வரை சிறை. பொது இடத்தில் ஆபாச வார்த்தைக்கு 296. பெண்ணின் மானத்தைக் குலைக்கும் சொல்லுக்கு 79. அதோடு நம் மாநிலத்தில் 1998-இன் பெண்கள் துன்புறுத்தல் தடைச் சட்டமும் இருக்கிறது. மகளிடம் பேசியதை மகள் வாயாலேயே தனியாக எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

ஸ்டேஷனில் வாங்க மறுத்தால் சண்டை போடாதீர்கள். அதே மனுவைச் சேர்ந்ததற்கான ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்டில் துணை ஆணையருக்கு அனுப்புங்கள். அதற்கும் அசைவில்லை என்றால் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 175(3) பிரிவில், பழைய 156(3) என்று எல்லோருக்கும் தெரிந்ததுதான், பிரமாணப் பத்திரத்தோடு மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். மனு அனுப்பியதற்கான ஆதாரம் இல்லாமல் அங்கே போக முடியாது.

சேலம்_குடித்தனக்காரர்

நான் இதைக் கடந்து வந்தவன். என் பக்கத்து வீட்டில் மாவு அரைக்கும் கடைக்கென்று ராத்திரி முழுக்க கிரைண்டர் ஓடியது. மனு கொடுத்ததும் ஸ்டேஷனில் இருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். நாங்கள் போவதற்குள் அவரும் என் மேல் ஒரு மனு கொடுத்துவிட்டார், நான்தான் மிரட்டினேன் என்று. இது ஏறக்குறைய எல்லா வழக்கிலும் நடக்கும், தயாராக இருங்கள்.

முடிவில் ஒரு வெள்ளைத்தாளில் "இருவரும் சமாதானமாகப் போகிறோம், மேல்நடவடிக்கை வேண்டாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். நான் போடவில்லை. "இரவு 10 மணிக்கு மேல் இயந்திரம் ஓட்ட மாட்டேன்" என்று அவர் எழுதித் தந்தால் நானும் கையெழுத்திடுகிறேன் என்றேன். ஒரு மணி நேரம் இழுத்து, கடைசியில் அப்படியே எழுதினார்கள். அந்தத் தாளின் நகலைக் கேட்டு வாங்கினேன். பின்னால் அவர் மீறியபோது முன்சீப் கோர்ட்டில் அந்த நகல்தான் எனக்கு இடைக்கால உறுத்துக்கட்டளை (தடை உத்தரவு) வாங்கித் தந்தது.

ஓய்வுபெற்ற_எஸ்ஐ

சேலம் நண்பர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. இதோடு பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் '107' பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். இப்போது அது 126, ஆனால் ஸ்டேஷனில் எல்லோரும் 107 என்றே சொல்வார்கள். அமைதிக்குப் பங்கம் வரும் என்று ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) முன் நிறுத்தி, ஓராண்டு வரை அமைதி காப்பதாகப் பத்திரம் எழுதி வாங்குவது. ரகளை செய்கிறவரை அடக்க நல்ல கருவி. ஆனால் வேலையைச் சுலபமாக்கிக்கொள்ள இரு தரப்பின் மீதும் போட்டுவிடும் பழக்கம் இருக்கிறது. அதனால் உங்கள் வீட்டு ஆண்கள் ஒரு வார்த்தைகூடத் திரும்பப் பேசக் கூடாது. தரையை உலக்கையால் தட்டுவது, பதிலுக்குப் பாட்டுப் போடுவது, பைக் காற்றைப் பிடுங்குவது எதுவும் வேண்டாம். அப்படி ஒன்று நடந்து அது அவர் மொபைலில் பதிவாகிவிட்டால், இத்தனை நாள் சேர்த்த காகிதம் பாதிக்குமேல் வலுவிழந்துவிடும்.

சங்கச்_செயலர்

ஒரு குடியிருப்புச் சங்கத்தின் செயலராக இருக்கிறேன். வக்கீல் சார் இன்னும் தொடாத ஒரு வழி இருக்கிறது: அவர் வாடகைதாரர். வீட்டு உரிமையாளர் யார், எங்கே இருக்கிறார்? 2019 முதல் நடைமுறையில் இருக்கும் புது வாடகைச் சட்டத்தில், வாடகைதாரர் வீட்டைத் தவறாகப் பயன்படுத்தினால், எழுத்தில் எச்சரித்தும் நிறுத்தாவிட்டால், காலி செய்யச் சொல்லி உரிமையாளர் வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம். பொதுத் தொல்லை தருவதும் அந்தத் 'தவறான பயன்பாடு' என்பதில் அடங்கும். அதனால் பாதிக்கப்பட்ட மற்ற வீட்டுக்காரர்களிடமும் கையெழுத்து வாங்கி, சங்கத்தின் லெட்டர்பேடில் உரிமையாளருக்கு ஒரு கடிதம் போடுங்கள். சி.எஸ்.ஆர். நகலையும் இணையுங்கள். வழக்கு வரப்போகிறது என்று தெரிந்தால் பல உரிமையாளர்கள் தாங்களே பேசி முடித்துவிடுகிறார்கள்.

பைக் நிறுத்தும் தகராறைப் போலீஸுக்குக் கொண்டு போகாதீர்கள். யாருக்கு எந்த இடம் என்று சங்கம் கோடு போட்டுத் தீர்மானமாக எழுதினால் போதும். நடைவழியில் சங்கத்தின் பெயரில் கேமரா வைக்கலாம், ஆனால் அது யார் வீட்டு வாசலுக்குள்ளும் எட்டிப் பார்க்கக் கூடாது.

திருச்சி_வாசகி

எல்லோருக்கும் நன்றி. படிக்கப் படிக்கத் தெம்பாக இருக்கிறது. உரிமையாளர் துபாயில் இருக்கிறார், எண் கிடைத்திருக்கிறது. மனுக்களை இரண்டாகப் பிரித்து எழுதி, மிரட்டல் மனுவுக்கு சி.எஸ்.ஆர். வாங்கிவிட்டோம். சத்த மனு ஆணையர் அலுவலகத்துக்குப் போயிருக்கிறது. மூன்றாம் மாடி வீட்டுக்காரரும் கையெழுத்துப் போட்டார், அவர்களுக்கும் அதிர்வு வருகிறதாம், சொல்லப் பயந்திருக்கிறார்கள்.

கோர்ட்டுக்குப் போக வேண்டி வந்தால் எவ்வளவு காலம் ஆகும், எவ்வளவு செலவாகும் என்பதுதான் இப்போது கவலை. அதோடு, மொபைலில் எடுத்த வீடியோக்களைக் கோர்ட் ஏற்குமா?

தஞ்சை_வழக்குரைஞர்

வீடியோ செல்லும். ஆனால் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63-ஆவது பிரிவுப்படி சான்றிதழ் இணைக்க வேண்டும். அதில் ஒரு பகுதியை நீங்களும் இன்னொரு பகுதியை ஒரு நிபுணரும் நிரப்ப வேண்டும். கோப்பில் எதுவும் மாறவில்லை என்று காட்டும் 'ஹாஷ்' எண்ணும் வரும். எனவே எடுத்த கோப்பை வெட்டாதீர்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பிய நகலை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தை அழித்துவிடாதீர்கள், மொபைலை மாற்றாதீர்கள்.

சிவில் வழக்கில் நிரந்தர உறுத்துக்கட்டளை என்பது அசல் பரிகாரம், அதற்கு வருடங்கள் ஆகலாம். நாம் உண்மையில் எதிர்பார்ப்பது கூடவே போடும் இடைக்கால மனுவை. சிவில் நடைமுறைச் சட்டம் 39-ஆவது கட்டளையின் 1, 2 விதிகளில் அது வரும். நேரில் பார்த்து அறிக்கை தர வழக்குரைஞர் ஆணையர் ஒருவரை நியமிக்கும்படியும் கேட்கலாம். ராத்திரி பதினொன்றுக்கு அவர் உங்கள் படுக்கையறையில் நின்று எழுதும் அறிக்கைக்கு இருக்கும் மதிப்பு வேறு எதற்கும் கிடையாது. இடைக்கால உத்தரவை மீறினால் சொத்து ஜப்தி, மூன்று மாதம் வரை சிவில் சிறை. அவர் முந்திக்கொண்டு உங்கள் மேல் வழக்குப் போட்டு உத்தரவு வாங்கிவிடுவார் என்று பயந்தால் எங்களைக் கேட்காமல் உத்தரவு போடாதீர்கள் என்று இப்போதே ஒரு கேவியட் மனு போட்டு வைக்கலாம், 90 நாள் செல்லும்.

செலவு பற்றி: பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. கோர்ட் வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், தொலைபேசி என்றால் 15100. வழக்குப் போடுவதற்கு முன்பே அங்கே ஒரு மனு கொடுத்து எதிர்த்தரப்பை அழைக்கச் சொல்லலாம். இந்த வழியை நம் மக்கள் போதிய அளவு பயன்படுத்துவதில்லை என்பது என் ஆதங்கம். அந்த ஆணைக்குழு நடத்தும் லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. ஸ்டேஷன் வெள்ளைத்தாளுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான். அவர் வர மறுத்தால் கட்டாயப்படுத்த முடியாது, ஆனால் அழைத்தும் வரவில்லை என்பதும் உங்கள் கோப்பில் சேரும்.

இரண்டு_பிள்ளைகளின்_அம்மா

நாங்களும் கீழ்வீட்டுக்காரரும் அங்கேதான் உட்கார்ந்து பேசினோம். பையனின் நிலையை மருத்துவச் சான்றிதழோடு சொன்னபோது அவர் முதல்முறையாகக் காது கொடுத்துக் கேட்டார். மதியம் அவர் தூங்கும் நேரத்தில் பையனைப் பூங்காவுக்குக் கூட்டிப் போவதாக நாங்கள் ஒப்புக்கொண்டோம். இன்றுவரை அது நிற்கிறது.

திருச்சி_வாசகி

நிலவரம் சொல்லிவிடுகிறேன். ஆணையர் அலுவலகத்திலிருந்து ஸ்டேஷனுக்கு மனு வந்து, இன்ஸ்பெக்டர் இரு தரப்பையும் விசாரித்தார். எதிர்பார்த்தபடியே கீழ்வீட்டுக்காரரும் எங்கள் மேல் ஒரு மனு கொடுத்திருந்தார். தேதி வாரியாக எழுதிய எங்கள் குறிப்பையும் 100-க்குக் கூப்பிட்ட நேரங்களையும் காட்டினோம். இரவு 10-க்கு மேல் ஒலிக்கருவி போட மாட்டேன், எங்கள் குடும்பத்தாரிடம் பேச மாட்டேன் என்று கீழ்வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்தார். நகல் வாங்கிவிட்டோம். சமாதானம் என்ற வார்த்தை அதில் இல்லை. மிரட்டல் மனுவை நாங்கள் வாபஸ் வாங்கவில்லை. துபாய் உரிமையாளர் வக்கீல் மூலம் அவருக்கு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். சத்தம் நின்றிருக்கிறது. பைக் மட்டும் இன்னும் குறுக்கேதான் நிற்கிறது.

இப்போது வழக்குப் போடுவதா, பொறுத்துப் பார்ப்பதா?

தஞ்சை_வழக்குரைஞர்

பொறுங்கள், ஆனால் குறிப்பு எழுதுவதை நிறுத்தாதீர்கள். சத்தம் இல்லாத இரவையும் "இல்லை" என்று எழுதுங்கள், அதுதான் குறிப்பேட்டை நம்பத் தகுந்ததாக்கும். மறுபடி ஒரே ஒரு ராத்திரி போட்டாலும் அன்றே 100, மறுநாளே அந்த ஒப்புதல் கடித நகலோடு ஆணையருக்கு இரண்டாவது மனு, எட்டாவது விதியின் கீழ் எழுத்துப்பூர்வ உத்தரவு கேட்டு. உரிமையாளருக்கும் ஒரு நகல் போகட்டும், வாடகை நீதிமன்றத்தில் அவருக்குத் தேவைப்படும். பைக் விஷயத்தைச் செயலர் சொன்னபடி சங்கத் தீர்மானமாகவே கொண்டு போங்கள். அடுத்த கூட்டத்துக்கான அறிவிப்பிலேயே அது தனிப் பொருளாக வரட்டும்.